சாம்பல் மண்ணின் பிறப்பை உணர்த்திய பேரறிஞர் தொகுச்சாயேவ்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவ்விரண்டின் கூட்டத்தினின்றே மரமும் புள்ளும் விலங்கும் உணவும் தொழிலும் ஆகிய கருப்பொருள்கள் தோன்றுகின்றன எனக் கொண்டது தமிழ் மரபு. தொல்காப்பியத்து அகத்திணையியலை மாணாக்கர்க்குப் பல்லாண்டு கற்பித்து வருகின்றேன். குறிஞ்சிக்கு இன்ன மரம், மருதத்துக்கு இன்ன பறவை என்று நிரல்படச் சொல்லிச் செல்லும்பொழுது, கூர்மதியுடைய மாணாக்கன் ஒருவனாவது எழுந்து, நிலங்கள் தம்முள் வேறுபட்டமைக்குக் காரணம் யாது என்று வினவாதிருப்பதில்லை. மலைச்சாரலின் மண் வயல்வெளி மண்ணைப் போல இராமைக்கு ஏது என்ன? செம்மண்ணும் கருமண்ணும் வெண்மணலும் எவ்வாறு பிறந்தன? இலக்கண நூலார் இவ்வினாவை எழுப்பிலர்; அஃது அவர்தம் நோக்கமன்று. இவ்வினா ஒன்றனுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் உருசிய நாட்டிலே பிறந்தார். வசீலி வசீலியெவிச் தொகுச்சாயேவ் என்பது அவர் பெயர். மண்ணியல் என்னும் தனித் துறையை உலகுக்கு வகுத்துத் தந்தவர் அவரே. அவர் வரலாற்றைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிதல் தகும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

தொகுச்சாயேவ் 1846ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் தேதி, சுமொலென்ஸ்க் மாகாணத்து மிலியூகோவோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கோவிற் குருவானவர். குருவின் மைந்தன் குருவாதல் அந்நாட்டு வழக்கு. ஆதலின் மகனும் சமயப் பள்ளியிற் பயின்று, பின்னர்ச் சுமொலென்ஸ்க் நகரக் குருமடத்திற் சேர்ந்தார். 1867இல் அக்கல்வி முடிந்ததும் உயர் சமயக் கல்விக்காகத் தலைநகராகிய சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. சில கிழமைகளிலேயே சமயக் கழகத்தை விட்டு நீங்கிப் பல்கலைக்கழகத்தின் இயற்கை விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்தார். வறிய குடும்பத்து இளைஞர் ஒருவர் உறுதியான தொழிலைக் கைவிட்டு உறுதியற்ற கல்வியை நாடியது எளிய துணிவன்று.

1871இல் அவர் பட்டம் பெற்றபொழுது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், தம் பிறந்த ஊர்ப்புறத்தே ஓடிய கச்னா என்னும் சிற்றாற்றின் படிவுகளேயாகும். தலைநகரிற் கற்றவர் தம் ஊர் ஆற்றங்கரைக்கே மீண்டு சென்று, காலின்கீழ்க் கிடந்ததை உற்றுநோக்கினார். பிறர் பொருட்படுத்தாததைப் பொருளாகக் காணும் இக்குணமே அவர் வாழ்வு முழுவதிலும் விளங்கிற்று. 1872இல் அப்பல்கலைக்கழகத்தின் நிலவியற் சேர்க்கையைப் பேணும் பணியினை ஏற்றார். 1878இல் உருசியாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் உருவான வகையை ஆராய்ந்து முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

கருமண்ணைத் தேடிய பயணம்

உருசியத் தென்வெளிகளிலே மிகு வளமுடைய கருமண் பரந்து கிடக்கின்றது. உருசியர் அதனைச் செர்னோசெம் என்பர். அந்நாட்டின் உணவுக் களஞ்சியம் அதுவே. 1873இலும் 1875இலும் வறட்சி தோன்றி அவ்வெளிகளை வாட்டியபொழுது, அந்நாட்டுச் சுதந்திரப் பொருளாதாரச் சங்கத்தார் அம்மண்ணின் இயல்பை ஆராயுமாறு தொகுச்சாயேவை வேண்டினர். 1877 முதலாக அவர் நடந்தும் வண்டியேறியும் ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் தூரம் அலைந்தார். சென்ற இடந்தோறும் குழி தோண்டினார், குழியின் சுவரிலே படைபடையாகத் தோன்றிய மண்ணை அளந்தார், அதன் நிறத்தையும் தன்மையையும் பதிந்தார், மாதிரிகளைச் சேர்த்தார்.

அக்காலத்தறிஞர் சிலர் கருமண் பழங்கடலின் சேறு என்றனர். வேறு சிலர் சதுப்பு நிலத்தின் எச்சம் என்றனர். தொகுச்சாயேவ் கண்ட முடிபு வேறு. அவ்வெளிகளிலே வளர்ந்த புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் மண்ணிலே மாய்ந்து, அந்நிலத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மக்கி, பல்லாயிரம் ஆண்டு திரண்டதே கருமண் என்று அவர் காட்டினார். இவ்வாராய்ச்சி 1883இல் உருசியக் கருமண் என்னும் பெரு நூலாக வெளிவந்து, அவருக்குக் கலாநிதிப் பட்டத்தையும் ஈட்டித் தந்தது. அந்நூலைப் பரிசீலித்தவருள், மூலகங்களை அட்டவணைப்படுத்திய மேதை மெண்டலேயேவும் ஒருவர்.

அந்நூலின் உயிர்நிலை யாதெனில், மண் என்பது நொறுங்கிய கல் மாத்திரம் அன்று என்பதேயாம். தாய்ப்பாறை, தட்பவெப்பம், மரஞ்செடிகளும் உயிரினங்களும், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகிய ஐந்தும் ஒருங்கு தொழிற்பட்டுப் பெற்ற பிள்ளையே மண். ஐந்தனுள் ஒன்று மாறினும் மண் மாறும். நிலத்தோடு பொழுதையும் வைத்து எண்ணிய நம் முன்னோரின் வழக்கைப் பயின்ற எனக்கு, காலத்தையும் ஒரு காரணமாக அவர் எண்ணியமை பெருவியப்பை அளித்தது. இருவர் நோக்கும் வேறு. நூல்வழித் தொடர்பும் இல்லை. எனினும் நிலத்தைத் தனிப்பொருளாகக் காணாது ஒரு கூட்டத்தின் பயனாகக் காணும் பார்வை இரண்டிடத்தும் உண்டு.

சாம்பல் மண் பிறக்கும் வகை

கருமண்ணாற் புகழ்பெற்ற தொகுச்சாயேவ், தாம் பிறந்த சுமொலென்ஸ்க் மாகாணத்தின் ஏழை மண்ணையும் மறந்தாரல்லர். அங்கே உழவர் ஏர் ஓட்டும்பொழுது மேற்படையின் கீழே அடுப்புச் சாம்பல் போன்ற வெளிறிய மண் புரண்டு வரும். சாம்பல் அடியிற் கிடக்கும் மண் எனப் பொருள்பட அவர்கள் அதனைப் பொட்சோல் என்றழைத்தனர். குடியானவர் வாய்ச்சொல்லான இதனை 1880ஆம் ஆண்டளவில் அறிஞர் அவைக்குக் கொண்டுவந்தவர் தொகுச்சாயேவே. உண்மையில் அது சாம்பலன்று. எரிந்த பொருள் எதுவும் அங்கே இல்லை. குளிரும் நீரும் மரமும் கூடிச் செய்த வேலை அது. அவருக்குப் பின்வந்தோர் தெளிவுபடுத்தியவற்றையும் சேர்த்து அதன் வகையை இங்கே விளக்குவேன்.

வடபுலத்திலே பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடுகள் நெடுந்தூரம் பரந்துள்ளன. அம்மரங்களின் இலைகளிற் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உதிர்ந்த இலைகள் குளிரின் காரணமாக விரைவில் உக்குவதில்லை. மண்புழு அங்கே அரிது. பூஞ்சணமே மெல்ல மெல்ல அவற்றைச் சிதைக்கின்றது. அதனால் அரைகுறையாக உக்கிய சருகு நிலத்தின்மேல் மெத்தை போலத் திரள்கின்றது. அச்சருகினின்று பலவகை அமிலங்கள் ஊறுகின்றன. வெயில் குன்றிய நாட்டில் நீர் ஆவியாகி மேலெழுவது சிறிது. மழைநீரும் இளவேனிலில் உருகும் பனிநீரும் பெரும்பாலும் கீழ்நோக்கியே செல்கின்றன. குளிர்நீர் காபனீரொட்சைட்டையும் மிகுதியாகக் கரைத்துக்கொள்ளும். அதனாலும் அந்நீர் புளிப்பேறுகின்றது.

இவ்வாறு புளித்த நீர் மண்ணினூடு இறங்கும்பொழுது நிகழ்வது என்ன? மண்துகள்கள் பற்றிவைத்திருக்கும் கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் ஆகிய காரப் பொருள்களை அது பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகின்றது. அவை இருந்த இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. அமிலத்தன்மை என்பது இதுவே. அம்மட்டோ? சருகினின்று ஊறிய அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் பிணித்துக் கீழே இறக்குகின்றன. மேற்படையில் எஞ்சுவது, இவ்வமிலங்களுக்கு எளிதிற் கரையாத படிகக்கல் மணல் ஒன்றே. அதன் நிறமே சாம்பல் நிறம். இறங்கிய இரும்பு சற்றுக் கீழே தங்கித் துருநிறப் படையாகின்றது; சிலவிடங்களில் அது கல்லைப் போல இறுகி வேரையும் தடுக்கும். இத்தகைய மண் உருவாகச் சில நூறு முதற் சில ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். பண்டைப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் கருங்கல்லும் பெரும்பாலும் சுண்ணாம்பு குன்றியவை. ஆதலின் அமிலத்தை எதிர்த்து நிற்கும் வலி அவற்றுக்கு இல்லை.

அமிலத்தை எண்ணால் அளக்கும் முறை தொகுச்சாயேவ் காலத்தில் இல்லை. அவர் மறைந்து ஆறாண்டு கழித்து, 1909இல், கொப்பன்கேகன் நகரத்துச் சொரென்சன் என்பார் அதனை வகுத்தார். அவ்வளவையில் 7 என்பது நடுநிலை, அதனிற் குறைந்தது அமிலம், மிகுந்தது காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிக்கும். வடகாட்டுச் சாம்பல் மண் பலவிடங்களில் 4 என்னும் அளவை ஒட்டியிருக்கும். அஃதாவது நடுநிலையினும் ஆயிரம் மடங்கு புளிப்புடையது என்க.

காட்டுக்கும் வடக்கே மரம் வளராத தண்டரா வெளி உள்ளது. அங்கே நிலத்தின் அடிப்பகுதி என்றும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேற்பரப்பு மாத்திரம் உருகும். உருகிய நீர் கீழிறங்க வழியின்றித் தேங்குகின்றது. காற்றுப் புகாத அந்நீரிலே மாய்ந்த பாசியும் புல்லும் உக்காமற் கருஞ்சருகாகத் திரள்கின்றன. அங்கு வளரும் ஒருவகைச் சதுப்புப் பாசி, நீரிலுள்ள கல்சியத்தைத் தான் உறிஞ்சிக்கொண்டு ஐதரசனை வெளிவிட்டுச் சுற்றுப்புறத்தைப் புளிக்கச் செய்கின்றது. தென்முனையாகிய அந்தாட்டிக்காவின் ஓரங்களிலோ மரமும் இல்லை, காடும் இல்லை. எனினும் பெங்குவின் பறவைகள் கூட்டமாக வாழும் இடங்களில் அவற்றின் எச்சம் நுண்ணுயிர்களாற் சிதைந்து மண்ணை அமிலமாக்குகின்றது.

ஆயின் குளிர்ந்த நிலமெல்லாம் அமில நிலம் என்று கொள்ளுதல் பிழையாகும். துருவத்தை அடுத்தும் சுண்ணக்கல் உள்ள இடங்களிலும், காற்று சுண்ணாம்புத் தூசியைக் கொண்டுவந்து படியவைக்கும் இடங்களிலும் மண் புளிப்பதில்லை. நீர் அரிதான துருவப் பாலைகளில் உப்பு அடித்துச் செல்லப்படாது மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. குளிர் ஒன்றே போதாது. நீரும் உயிரும் பாறையும் காலமும் உடன்சேர வேண்டும். தொகுச்சாயேவ் கூறிய ஐந்து காரணங்களின் உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

பஞ்சமும் பணியும்

1882 முதல் 1886 வரை நீசினி நோவ்கொரட் மாகாணத்தின் நிலங்களை மதிப்பிடும் பணியைத் தொகுச்சாயேவ் தலைமை தாங்கி நடத்தினார். அதன் முடிபுகள் 14 தொகுதிகளாக வெளிவந்தன. அடுத்து 1888 முதல் பொல்தாவா மாகாணத்தை ஆராய்ந்தார். அது 16 தொகுதிகளாயிற்று. அவரோடு குழி தோண்டித் திரிந்த மாணாக்கருள் வேர்னாட்ஸ்கியும் சிபீர்த்செவும் பின்னாளிற் பேரறிஞராயினர். ஆசிரியன் வகுப்பறையில் மாத்திரம் ஆசிரியனல்லன் என்பதற்கு இவர் வாழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

1891இல் கொடிய வறட்சி உருசியாவைப் பற்றியது, பஞ்சம் பரவிற்று, உயிரிழந்தோர் பல இலட்சம். உலகிற் சிறந்த கருமண்ணை உடைய நாட்டிலே உழவர் பட்டினியால் மாண்டனர். தொகுச்சாயேவின் உள்ளத்தை இது பெரிதும் வருத்தியது. 1892இல் தம் நாட்டுப் புல்வெளிகளின் பழைய நிலையையும் அன்றைய நிலையையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அந்நூல் விற்ற பணம் பஞ்சத்தால் நலிந்தோர்க்கென ஒதுக்கப்பட்டது. வறட்சி வானத்தின் குற்றம் மாத்திரம் அன்று. காட்டை அழித்தும், புல்வெளியை வரம்பின்றி உழுதும், நீரை ஓடவிட்டும் மனிதன் செய்த குற்றமும் அதில் உண்டு என்பது அந்நூலின் சாரம். அவர் எழுதியதோடு அமைந்தாரல்லர். வொரோனேசு மாகாணத்துக் கல்வெளி என்னும் இடத்திலே காற்றைத் தடுக்கும் மரவரிசைகளை நடுவித்தார். நீரைத் தேக்கக் குளங்களை அமைப்பித்தார். அம்மரவரிசைகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

1892இல் நியூ அலெக்சாந்திரியா விவசாயக் கல்லூரியின் தலைமையை ஏற்றுச் சீர்ப்படுத்தினார். மண்ணியலுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி அங்கே ஏற்படுத்தப்பட்டது. அதில் அமர்ந்தவர் அவர் மாணாக்கர் சிபீர்த்செவ். ஆயினும் ஓயாத உழைப்பும் அலுவலர் தந்த தொல்லையும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. நரம்புத் தளர்ச்சி கண்டு 1895இல் அப்பதவியை விட்டு நீங்கினார். 1897இல் அவர்தம் மனைவி அன்னா நோயால் இறந்தார். பயணங்களிலும் பணிகளிலும் தமக்குத் துணைநின்ற மனைவியை இழந்த துயரினின்று அவர் முற்றாக மீளவேயில்லை.

மலை சொன்ன பாடம்

அத்துயரின் இடையே 1898இல் கவுக்காசு மலைநாட்டுக்குச் சென்றார். வடதுருவத்தினின்று தெற்கே வரவரத் தண்டரா, காடு, கருமண் வெளி, வறள்வெளி, வெப்பநாட்டுச் செம்மண் என மண்வகைகள் வரிசையாக அமைந்துள்ளன என்பது அவர் கொள்கை. அவ்வரிசை மலையின் அடியினின்று முடி நோக்கி ஏறும்பொழுதும் தோன்ற வேண்டும் என்று முன்னரே எண்ணியிருந்தார். கவுக்காசிலே அவ்வாறே கண்டார். 1899இல் இதனை நூலாக வெளியிட்டார். மலையேறுவோன் துருவம் நோக்கிப் பயணஞ் செய்வோனை ஒப்பான் என்பது அதன் கருத்து.

இக்கருத்தின் சாயலை நம் இலங்கைத் தீவிலேயே காணலாம். யாழ்ப்பாணத்தினின்று நுவரெலியாவுக்குச் செல்லும் ஒருவர், கடல்மட்டத்தை ஒட்டிய வெப்ப நிலத்தினின்று 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறுகின்றார். அங்கே வெப்பம் குறைவு, மழை மிகுதி, பாறையிற் சுண்ணாம்பு அரிது. இன்னும் உயர்ந்த ஓட்டன் சமவெளியிலே ஆண்டுத் தொடக்கத்து இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு. துருவக் குளிர் இல்லாவிடினும், மழைநீர் காரப் பொருள்களைக் கழுவிச் சென்றமையால் அம்மண் அமிலத்தன்மை உடையது. 1961இல் மூர்மனும் பானபொக்கையும் இலங்கை மண்களை வகுத்தபொழுது, மலைநாட்டு மண்ணுக்குச் செம்மஞ்சட் பொட்சோலிக்கு மண் என்று பெயர் வழங்கினர். சுமொலென்ஸ்க் உழவன் வாய்ச்சொல் நம் தீவின் மண் வரைபடத்திலும் ஏறிற்று! தேயிலை புளித்த மண்ணை விரும்புவது. ஆதலின் அங்கே செழிக்கின்றது. ஆயினும் புளிப்பு எல்லை மீறின் தேயிலையும் நலியும். அதனாலேயே தோட்டத்தார் தொலமைற்று என்னும் சுண்ணப் பொடியை இடுகின்றனர்.

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணோ இதற்கு நேர்மாறு. நம் காலின்கீழே சுண்ணக்கல் உள்ளது. மழை பெரும்பாலும் சில மாதங்களிலே பெய்து ஓய்கின்றது. பின்னர் வெயில் நீரை மேலிழுக்கின்றது. கிணற்றினின்று நாம் இறைக்கும் நீரும் சுண்ணாம்பு கரைந்த நீரேயாதலின், கழுவப்பட்டது ஓரளவு மீள்கின்றது. எனவே நம் தோட்ட மண் பெரும்பாலும் 7க்கும் 8க்கும் அண்மையில் நிற்கின்றது. வடகாட்டிலே இரும்பு கீழிறங்க மேல்மண் வெளிறிற்று. இங்கோ இரும்பு மேலேயே தங்கி மண்ணுக்குச் செவ்வண்ணம் ஊட்டிற்று. ஒரே இரும்பு, ஓரிடத்துக் குளிரும் காடும் அதனை மறைத்தன, மற்றோரிடத்து வெயிலும் சுண்ணக்கல்லும் அதனைப் போற்றின.

நம் முன்னோர் இம்மண்ணின் அருமையை அறிந்திருந்தனர். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி, பட்டி கட்டி எருவிட்டு, புகையிலையும் வெங்காயமும் விளைத்தனர். ஆயின் அண்மைக் காலத்தில் நாம் செய்ததும் நமக்கு நேர்ந்ததும் வேறு. அளவிறந்து இட்ட செயற்கை உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிற் கலந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட இடங்கள் பெருங்குழிகளாயின. போரினால் 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தபின், நாட்டின் சிறந்த செம்மண் நிலம் பல்லாண்டு உழுவாரற்றுப் பற்றைக்காடாய்க் கிடந்தது. போர் முடிந்தபின் பகுதி பகுதியாக மீண்ட காணிகளிலே மக்கள் மீண்டும் மண்வெட்டி பிடித்தனர். பல்லாயிரம் ஆண்டிற் பிறந்த மண்ணை ஒரு தலைமுறையில் இழக்கலாம். ஒரு தலைமுறையிற் பெற முடியாது.

இறுதியும் எச்சமும்

1900இல் பாரிசு நகர உலகக் கண்காட்சியிலே தொகுச்சாயேவின் மண் வரைபடம் வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அன்பு மாணாக்கர் சிபீர்த்செவ் சயரோகத்தால் மாண்டார். மகனை ஒத்த மாணாக்கனை இழந்த ஆசிரியர், நோய் முற்றி, 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் தேதி சென் பீற்றர்ஸ்பேர்க்கில் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 57. மண் ஆராய்ச்சிக்கெனத் தனி நிறுவனம் வேண்டும் என்று அவர் பன்முறை விண்ணப்பித்தும் அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. மறைந்தபின் 1904இல் மண்ணியல் நூதனசாலை ஒன்றும், 1927இல் ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. இரண்டும் அவர் பெயரையே தாங்குகின்றன. மாணாக்கர் நூல்கள் செருமன் மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தபின்னரே மேனாட்டார் அவர் பெருமையை உணர்ந்தனர்.

இன்று வடதுருவம் வெப்பமேறி வருகின்றது. என்றும் உறைந்திருந்த தண்டரா நிலம் உருகத் தொடங்கியுள்ளது. உக்காது கிடந்த பழஞ்சருகு உக்கி, காபனீரொட்சைட்டாகவும் மெதேனாகவும் காற்றிற் கலக்கின்றது. தட்பவெப்பம் மாறின் மண் மாறும் என்று அவர் சொன்னதன் விளைவு துருவத்தோடு நில்லாது. நம் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுவதற்கு அக்கடலின் உயர்வும் ஒரு காரணமாகலாம். ஆதலின் நம் பள்ளிகளிலே முதற்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணாக்கரைத் தோட்டத்துக்கும் அழைத்துச் சென்று, ஒரு குழி தோண்டுவித்து, அதன் சுவரிலே செம்மண் எங்கே முடிந்து சுண்ணக்கல் எங்கே தொடங்குகின்றது என்று காட்டுவாராக. சாம்பல் மண்ணுடைய ஊரிற் பிறந்து, அச்சாம்பலின் பிறப்பை உலகுக்கு உணர்த்திய பேரறிஞர்க்கு நாம் செய்யத்தக்க வழிபாடு அதுவே.